பட்டாணிக்குருவியும் தேன்காளானும்: "ஒண்ணு"ன்னா எதை எண்றது?

உலகத்துலயே பெரிய உயிர் எதுன்னு கேட்டா நீலத்திமிங்கலம்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். ஆனா கொஞ்ச வருஷமா அடிக்கடி கண்ணுல படுற செய்தி என்னன்னா, அது திமிங்கலம் இல்ல, ஒரு காளான்னு. இதைப் படிச்சவங்கள்ல பாதிப் பேரு ஏதோ வீடு சைஸுக்குக் குடை விரிச்சு நிக்கற காளான்னு நினைச்சுக்கறாங்க, மீதிப் பேரு சும்மா புருடான்னு தள்ளிட்டுப் போயிடறாங்க. இன்னொரு பக்கம், அழியற நிலையில இருக்கற உயிர்களோட பட்டியல்ல பறவைகளோட சேர்த்து காளானும் வருது, "இத்தனை இனம் ஆபத்துல"ன்னு ரெண்டுக்கும் ஒரே மாதிரி நம்பர் போடறாங்க. அங்கதான் சந்தேகம் வரும். குருவியை எண்ணலாம் சரி, காளானை எப்படி எண்றாங்க? மழை பெஞ்சா நூறு முளைக்குது, நாலு நாள் கழிச்சு ஒண்ணும் இல்ல, அப்ப அது அழிஞ்சிடுச்சுன்னு அர்த்தமா?

இதைப் பொதுவாப் பேசினா பிடி கிடைக்காது. அதனால ஒரே ஒரு பாட்டுக்குருவி, ஒரே ஒரு காட்டுக் காளான், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம்.

## ரெண்டு பேரும் யாரு

குருவி: கிரேட் டிட், அறிவியல் பேரு பாரஸ் மேஜர். தமிழ்ல பட்டாணிக்குருவின்னு சொல்ற கூட்டத்தைச் சேர்ந்தது. ஐரோப்பா முழுக்க இருக்கு, வட ஆப்பிரிக்காவுல கொஞ்சம், ஆசியாவுல பெரிய பரப்பு. கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், மஞ்ச நெஞ்சு, அந்த நெஞ்சு நடுவுல கழுத்துலேருந்து கீழ வரைக்கும் டை கட்டின மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. ஆணுக்கு அந்தப் பட்டை அகலம், பொண்ணுக்கு ஒல்லி. எடை 18 கிராம் பக்கம்.

காளான்: ஆர்மிலேரியா காலிகா. தேன்காளான்னு சொல்ற குடும்பத்துல ஒண்ணு. தேன்னதும் இனிக்கும்னு நினைக்காதீங்க, பேரு நிறத்துக்குத்தான், பச்சையாத் தின்னா வயித்தைக் கலக்கிடும். ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான்னு பல இடத்துல அகல இலை மரக் காடுகள்ல இருக்கு. இலையுதிர் காலத்துல பழுப்புக் குடை, நடுவுல பொடிப் பொடிச் செதில், தண்டோட அடிப்பக்கம் வெங்காயம் மாதிரி உப்பி இருக்கும், தண்டைச் சுத்தி சிலந்தி வலை கணக்கா மெல்லிசா ஒரு வளையம், அதுவும் சீக்கிரமே காணாமப் போயிடும்.

ஆனா இந்தக் குடை காளானோட ஒரு சின்ன பாகம்தான். செத்த மரத்தோட பட்டையைக் கொஞ்சம் உரிச்சுப் பாத்தீங்கன்னா, கறுப்பா, தட்டையா, ஷூ லேஸை ஒட்டி வச்ச மாதிரி கயிறு கயிறா கிளை பிரிஞ்சு போயிட்டே இருக்கும். அதுக்குப் பேரு ரைசோமார்ஃப். மண்ணுக்குள்ளயும் அதே கயிறு ஒரு மரத்து வேர்லேருந்து இன்னொரு மரத்து வேருக்கு ஓடுது. மரத்துக்குள்ள கண்ணுக்குச் சரியாத் தெரியாத வெள்ளை இழைகள், அதுதான் மைசீலியம். உயிர்னு சொல்லணும்னா இந்த ரெண்டும்தான் உயிர், வருஷத்துக்குச் சில வாரம் வெளிய எட்டிப் பாக்கற குடை, ஸ்போர், அதாவது விதை மாதிரி வேலை செய்யற பொடித்தூள், அதைத் தூவறதுக்காக அது போடற ஒரு உறுப்பு, அவ்வளவுதான். அந்த மைசீலியம் இருட்டுல லேசா பச்சையா ஒளிரவும் செய்யும், ராத்திரி காட்டுல கட்டை மின்னுதுன்னு பல ஊர்ல பேய்க்கதை கிளம்பினதுக்கு இந்தக் குடும்பமும் ஒரு காரணம்.

## உறவு முறை: காளான் செடி இல்ல

முதல்ல இதைத் தெளிவு பண்ணிடலாம், ஏன்னா காளானை இன்னமும் தாவரக் கணக்குல சேக்கறவங்க நிறைய. உயிர்களோட வம்சாவளி மரத்துல பாத்தா காளான் செடியை விட குருவிக்குத்தான் நெருங்கின சொந்தம். ரெண்டுக்கும் பொதுவான முன்னோர் சுமார் 100 கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்த ஒரு ஒத்தை செல் உயிர், செடிகளோட கிளை அதுக்கும் முன்னாடியே பிரிஞ்சு போயிடுச்சு. அதோட தடயம் இன்னைக்கும் இருக்கு:

1. செடி சர்க்கரையை மாவுச்சத்தா சேத்து வைக்கும். குருவியும் காளானும் கிளைகோஜனா சேத்து வைக்கும்.
2. காளானோட செல் சுவர்ல இருக்கறது கைட்டின், செடியில இருக்கற செல்லுலோஸ் இல்ல. பூச்சியோட ஓடும் கைட்டின்தான். அதாவது குருவி கம்பளிப்புழுவைக் கொத்தி முழுங்கறப்போ காளான் சுவர்ல இருக்கற அதே பொருளைத்தான் முழுங்குது.
3. சொந்தமா சாப்பாடு தயாரிக்க ரெண்டுக்கும் தெரியாது, யாரோ செஞ்சு வச்சதைத்தான் திங்கணும். குருவி வாயில போட்டு உள்ள செரிக்குது. காளான் என்சைமை வெளிய விட்டு, மரத்தை வெளியவே செரிச்சு, கரைஞ்சதை உறிஞ்சுக்குது. வயித்தை வெளிய வச்சிருக்கற மிருகம்னு சொன்னா ரொம்பத் தப்பில்ல.

## குருவிக் கணக்கு: காலுல நம்பர்

குருவி விஷயத்துல "ஒண்ணு"ங்கறதுக்கு விளக்கமே தேவையில்ல. ஒரு முட்டை, ஒரு குஞ்சு, ஒரு உடம்பு. பிடிச்சு காலுல நம்பர் போட்ட சின்ன உலோக வளையம் மாட்டி விட்டா, அது சாகற வரைக்கும் அதே நம்பர்தான்.

இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல வைதம் காடுன்னு ஒண்ணு இருக்கு. அங்க 1947லேருந்து கிரேட் டிட்களை வருஷா வருஷம் கணக்கெடுக்கறாங்க, ஆரம்பிச்சு வச்சது டேவிட் லாக்ங்கற பறவை ஆராய்ச்சியாளர். இந்தக் குருவிக்கு மரத்துல தானா பொந்து போடத் தெரியாது, இருக்கற பொந்தைத்தான் தேடும், அதனால மரப்பெட்டி மாட்டி வச்சா சந்தோஷமா வந்து குடியேறிடும். ஆராய்ச்சிக்காரங்களுக்கு இதை விட வசதி வேற என்ன வேணும். சுமார் ஆயிரம் பெட்டி இருக்கு, ஒவ்வொண்ணையும் திறந்து எத்தனை முட்டை, எந்தத் தேதி, யாரு அம்மா, யாரு அப்பான்னு தலைமுறை தலைமுறையா நோட்டுப் போட்டு வச்சிருக்காங்க.

அந்தக் கணக்கு சொல்ற வாழ்க்கை ரொம்பச் சின்னது. ஒரு தடவைக்கு 8, 9 முட்டை. மொத்த முட்டையோட எடையும் கிட்டத்தட்ட தாயோட எடைக்கு வந்துடும். குஞ்சு பொரிஞ்சதும் அப்பா அம்மா ரெண்டும் ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான தடவை புழு தூக்கிட்டு வரும். இவ்வளவு பாடுபட்டும் பெரும்பாலான குஞ்சுங்க முதல் வருஷமே செத்துடும், பெருசானதுலயும் வருஷத்துக்குப் பாதி போல போயிடும். 10 வயசைத் தாண்டின குருவிங்கறது அபூர்வம்.

ஆக குருவி இனத்துல உயிர்கள் சீக்கிரம் சீக்கிரம் மாறிட்டே இருக்கும், எண்ணிக்கைதான் நிக்கும். காளான் இதுக்கு நேர் தலைகீழ்.

## காளான் கணக்கு: எண்ண முடியாத "ஒண்ணு"

அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம், கிரிஸ்டல் ஃபால்ஸ்னு ஒரு ஊர். கதை ஆரம்பிச்சது காளான்ல கூட இல்ல, அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களோட பேசறதுக்கு அந்தப் பக்கம் ரொம்பக் குறைஞ்ச அலைவரிசையில ரேடியோ நிலையம் வச்சாங்க, அதனால காட்டுக்கு ஏதாவது கெடுதல் வருமான்னு பாக்கப் போன வேலையிலதான் இந்தப் பூஞ்சையை ஆழமா நோண்ட ஆரம்பிச்சாங்க. 1992ல ஸ்மித், ப்ரூன், ஆண்டர்சன்னு மூணு பேரு நேச்சர் இதழ்ல எழுதினது: 15 ஹெக்டேர் பரப்புல எங்க எடுத்தாலும் ஒரே மரபணு உள்ள ஒரே ஆர்மிலேரியா, எடை குறைஞ்சது 10 டன், வயசு 1,500 வருஷமாவது இருக்கும்.

அதே ஆண்டர்சன் குழு திரும்பப் போய் இன்னும் அகலமா அளந்து 2018ல கணக்கைத் திருத்தினாங்க. பரப்பு முன்னாடி சொன்னதை விட ரொம்பப் பெருசு, எடை சுமார் 400 டன், வயசு சுமார் 2,500 வருஷம். பெரிய நீலத்திமிங்கலம் மூணைச் சேத்து வச்சா வர்ற எடைக்குக் கிட்ட.

எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்க ஒரே உயிர்னு? இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாப் பாப்போம்.

1. காட்டுல வேற வேற இடத்துலேருந்து குடையும் கறுப்புக் கயிறும் எடுத்துட்டு வருவாங்க. அதுலேருந்து பூஞ்சையை லேப்ல கண்ணாடித் தட்டுல வளப்பாங்க.
2. ரெண்டு இடத்துச் சாம்பிளை ஒரே தட்டுல பக்கத்துல பக்கத்துல வைப்பாங்க. ரெண்டும் வளந்து வந்து நடுவுல சந்திக்கும்.
3. ஒரே உயிரோட ரெண்டு துண்டா இருந்தா தையல் தெரியாம ஒண்ணாக் கலந்துடும். வேற வேற உயிரா இருந்தா நடுவுல வெத்து இடைவெளி விழும், இனமே வேறன்னா பெரும்பாலும் கறுப்பா ஒரு கோடே விழும்.
4. இதுல ஒத்துப்போனதை மரபணு வச்சு இன்னொரு தடவை சரிபாப்பாங்க. 2018ல 15 சாம்பிளோட மரபணுவை முழுசாப் படிச்சாங்க. சுமார் 10 கோடி எழுத்துள்ள அந்தப் புத்தகத்துல, 2,500 வருஷ வளர்ச்சியில, மாறியிருந்தது மொத்தமா 163 இடம்தான்.

அந்த 163தான் எனக்கு 400 டன்னை விடப் பெரிய செய்தியாத் தெரியுது. செல் பிரியறப்பல்லாம் காப்பி எடுக்கறதுல தப்பு வரணும், வருஷம் ஆக ஆக அது சேரணும். இது அவ்வளவு வருஷம் பரவியும் ஆரம்பத்துல இருந்த அதே உயிராவே இருக்கு. எப்படி இவ்வளவு சுத்தமா வச்சிருக்குங்கறதுதான் ஆராய்ச்சிக்காரங்களை இன்னும் குடையற கேள்வி.

## அப்ப "உலகத்துலயே பெருசு"ங்கற தலைப்பு?

தலைப்புல அடிபடறது வழக்கமா மிச்சிகன் காளான் இல்ல, அதோட ஒண்ணுவிட்ட சொந்தம். ஆரிகன் மாநிலத்துல மால்ஹூர் தேசியக் காட்டுல இருக்கற ஆர்மிலேரியா ஆஸ்டோயே. பரப்பு 965 ஹெக்டேர். வயசு 1,900லேருந்து 8,650 வருஷம் வரைக்கும் எது வேணா இருக்கலாம்னு சொல்றாங்க. என்னடா இது இவ்வளவு பெரிய இடைவெளின்னு தோணும். மரத்துல வளையம் எண்ற மாதிரி இதுல எண்ண எதுவும் கிடையாது, அகலத்தை வருஷ வளர்ச்சி வேகத்தால வகுக்கறாங்க, வேகம் மண்ணுக்கு மண் மாறும், அதனால விடையும் அப்படி இழுபடுது. செய்தியில மட்டும் எப்பவும் 8,000ங்கற நம்பர்தான் வரும், 1,900 வராது, ஏன்னு சொல்ல வேண்டியதில்ல.

"பெருசு"ங்கறதும் எதை வச்சு அளக்கறோம்ங்கறதைப் பொறுத்தது. எடைன்னா அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல பாண்டோன்னு ஒரு ஆஸ்பென் மரக்கூட்டம், 43 ஹெக்டேர்ல ஒரே வேர்லேருந்து முளைச்ச ஆயிரக்கணக்கான தண்டு, எடை 6,000 டன் பக்கம். பரப்புன்னா ஆஸ்திரேலியாவுல ஷார்க் பேங்கற கடல் பகுதியில ஒரே மரபணு உள்ள கடல்புல் சுமார் 200 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்குன்னு 2022ல கண்டுபிடிச்சாங்க. ஆரிகன் காளானோ 10 சதுர கிலோமீட்டர் கூட முழுசா இல்ல. அதனால "உலகத்துலயே பெரிய உயிர் காளான்"னு இன்னமும் யாராவது எழுதினா அது பழைய தலைப்பு.

இங்க ரெண்டு வார்த்தை தெரிஞ்சா குழப்பம் பாதி தீந்துடும். ஒரே ஸ்போர் ஜோடியிலேருந்து, இல்ல ஒரே விதையிலேருந்து வந்த மொத்தமும் ஒரு ஜெனெட். அதுல தனியாப் பிரிஞ்சும் பிழைச்சுக்கற ஒவ்வொரு துண்டும் ஒரு ராமெட். குருவிக்கு ரெண்டும் ஒண்ணேதான், அதான் இந்த வார்த்தையெல்லாம் நமக்குத் தேவைப்படவே இல்ல. மிச்சிகன் காளான் ஒரு ஜெனெட்ங்கறது மரபணு சொன்ன சேதி, அது முழுக்க இன்னமும் ஒரே கயிறாத் தொடர்ச்சியா இருக்கா, நடுவுல நூறு இடத்துல அறுந்து நூறு துண்டா வாழுதாங்கறது வேற கேள்வி. ஒரு மரம் விழுந்து வேர் பிடுங்கினா கயிறு அறுந்துடும், ரெண்டு பக்கமும் அது பாட்டுக்கு வளரும். குருவியை ரெண்டா அறுத்தா என்ன ஆகும்னு சொல்லவே வேணாம்.

## எல்லைக்கோடு: பாட்டும் தட்டுல விழற இடைவெளியும்

ரெண்டும் இவ்வளவு வேறன்னாலும், ஒரு விஷயத்துல ரெண்டுக்கும் ஒரே பிரச்சனை. காட்டுல இடம் கொஞ்சம், ஆளு ஜாஸ்தி, இது என் இடம்னு எப்படிச் சொல்றது?

ஆண் கிரேட் டிட் பாட்டால சொல்லுது. டீ-ட்சா டீ-ட்சான்னு ரெண்டு சுரம் மாறி மாறி, கிறீச்சிடற பம்பு அடிக்கற மாதிரி. இது வெறும் ஜோடி தேடற பாட்டா, வேலியான்னு பாக்க ஜான் க்ரெப்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் 1970கள்ல வைதம்ல ஒரு சோதனை பண்ணாரு. இடம் வச்சிருந்த ஆண் குருவிகளைப் பிடிச்சு அப்புறப்படுத்திட்டு, சில இடத்துல ஸ்பீக்கர் வச்சு கிரேட் டிட் பாட்டைப் போட்டாரு, சில இடத்துல வெறும் தகர விசில் சத்தம், சில இடத்துல எதுவுமே இல்ல. சத்தமே இல்லாத இடமும் விசில் இடமும் சீக்கிரம் புதுக் குருவிங்க கைக்குப் போயிடுச்சு. பாட்டு ஓடின இடம் ரொம்ப நேரம் காலியாவே இருந்துச்சு. ஆளே இல்லாம வெறும் பாட்டே வேலி காத்துச்சு. அதுலயும் ஒரே மெட்டை விட பல மெட்டு போட்ட இடம் இன்னும் நல்லாத் தாக்குப் பிடிச்சுது.

காளானுக்குத் தொண்டை இல்ல, அதோட வேலி தொடறதுலதான் இருக்கு. அந்தக் கண்ணாடித் தட்டுல விழுந்த இடைவெளி இருக்கே, அதேதான் மண்ணுக்குள்ளயும் நடக்குது. ரெண்டு இழை முட்டிக்கும், உரசிப் பாக்கும், நீயும் நானும் ஒண்ணா இல்லையான்னு வேதியியல்ல கேக்கும், இல்லைன்னா அந்த இடத்துச் செல்கள் செத்து நடுவுல யாருக்கும் சொந்தமில்லாத கோடு விழும்.

வித்தியாசம் என்னன்னா, குருவியோட எல்லை ஒவ்வொரு வசந்தத்துலயும் புதுசாப் பாடிப் பாடிப் போடணும், ஒரு நாள் பாடலைன்னா பக்கத்து வீட்டுக்காரன் நுழைஞ்சிடுவான். காளானோட எல்லையில சிலது நூத்துக்கணக்கான வருஷமா கிட்டத்தட்ட அதே இடத்துல நிக்கலாம்.

## ரெண்டு இனமும் உடைஞ்ச கதை

"இனம்"ங்கற வார்த்தையும் நம்ம நினைக்கற அளவுக்குக் கெட்டியான வார்த்தை இல்ல. இந்த ரெண்டு பேருமே அதுக்கு சாட்சி.

முன்னாடி பாரஸ் மேஜர்னா இங்கிலாந்துலேருந்து ஜப்பான் வரைக்கும், தெற்காசியா உள்பட, எல்லாம் ஒரே இனம். அப்புறம் பாட்டு, நிறம், மரபணு எல்லாம் பாத்துட்டு மூணாப் பிரிச்சுட்டாங்க: மஞ்ச நெஞ்சுள்ளது பாரஸ் மேஜர், தெற்காசியாவுல சாம்பல் நிறத்துல இருக்கறது பாரஸ் சினிரியஸ், கிழக்காசியாவுல பாரஸ் மைனர். அதுலயும் ரஷ்யாவோட அமூர் ஆத்துப் பக்கம் மேஜரும் மைனரும் சந்திக்கற இடத்துல கலப்பும் நடக்குது, அதனால கோடு அழகா இல்ல.

காளான் பக்கம் இதை விட வேடிக்கை. ரொம்பக் காலமா தேன்காளான் எல்லாமே ஆர்மிலேரியா மெல்லியாங்கற ஒரே இனம், சும்மா ஊருக்கு ஊர் தோற்றம் மாறுதுன்னு எழுதி வச்சிருந்தாங்க. 1978ல ஃபின்லாந்துல காரி கோர்ஹோனென் என்ன பண்ணாருன்னா தோற்றத்தை விட்டுட்டு ஸ்போர்களுக்குக் கல்யாணப் பொருத்தம் பாத்தாரு. ஒத்தை ஸ்போர்லேருந்து வளந்த பூஞ்சை தட்டுல பஞ்சு மாதிரி வெள்ளையா இருக்கும், பொருத்தமான ஜோடி கிடைச்சுக் கலந்துட்டா பஞ்செல்லாம் அமுங்கி பழுப்பா தகடு மாதிரி ஆயிடும், பொருந்தலைன்னா பஞ்சாவே நிக்கும். இப்படிப் பாத்ததுல ஐரோப்பாவுல மட்டும் அந்த "ஒரே இனம்" 5 இனம். அடுத்த வருஷமே ஆண்டர்சனும் உல்ரிச்சும் வட அமெரிக்காவுல 10 இருக்குன்னு காட்டினாங்க. அப்ப பேருக்குப் பதிலா ஐரோப்பா லிஸ்ட்ல ஆங்கில எழுத்தும் அமெரிக்கா லிஸ்ட்ல நம்பரும் போட்டாங்க, நம்ம காலிகா அங்க "E", இங்க "ஏழு". இன்னொண்ணு, 1992 கட்டுரையில இதே காளானுக்கு ஆர்மிலேரியா பல்போசான்னு பேரு போட்டிருப்பாங்க, ரெண்டு வேற காளான்னு குழம்ப வேணாம்.

குருவி மூணாப் பிரிஞ்சதைக் கண்ணால பாத்துக் கொஞ்சமாவது ஒத்துக்கலாம். காளான் பத்தாப் பிரிஞ்சது தட்டுலயும் மரபணுவுலயும்தான் தெரியும், காட்டுல நின்னு குடையை மட்டும் பாத்து இனம் சொல்றது நிபுணர்களுக்கே தகராறு.

## மூளை இருக்கறவனும் மரபணு இருக்கறவனும்

இதைச் சுருக்கமா முடிச்சுடறேன். வைதம்ல 2015ல வெளியான ஒரு சோதனை, சில கிரேட் டிட்களைப் பிடிச்சு ஒரு பெட்டிக் கதவை இந்தப் பக்கமா தள்ளினா புழு கிடைக்கும்னு பழக்கி, திரும்பக் காட்டுல விட்டாங்க. கதவு ரெண்டு பக்கமும் திறக்கும், ஆனா எந்தப் பக்கம் பழக்கினாங்களோ அந்தப் பக்கம்தான் அந்தப் பகுதியில ஃபேஷன் ஆச்சு, கொஞ்ச நாள்லயே சராசரியா முக்கால்வாசிக் குருவிங்க கத்துக்கிச்சு. பாத்துக் கத்துக்கறது, அடுத்த தலைமுறைக்குப் போறது, எல்லாம் உண்டு.

காளானுக்கு அந்த வசதி இல்ல, அது எல்லாத்தையும் மரபணுவுலயே தூக்கிட்டு அலையுது. ஆர்மிலேரியா காலிகாவோட மரபணுப் புத்தகம் குருவியோடதுல பத்துல ஒரு பங்கு கூட வராது, ஆனா அதுக்குள்ள 25,000க்கு மேல ஜீன், மனுஷனுக்கே சுமார் 20,000தான். மரத்தைக் கெட்டியாக்கற லிக்னினைக் கரைக்கறதுக்கு, செல்லுலோஸைக் கரைக்கறதுக்கு, கயிறு திரிக்கறதுக்குன்னு தனித்தனியா சாமான் வச்சிருக்கு. ஜீன் எண்ணிக்கை ஜாஸ்தின்னா புத்திசாலின்னு யாரும் கிளம்பிடாதீங்க, டூல் பாக்ஸ் பெருசு, அவ்வளவுதான்.

## சூடு ஏறினா யாரு என்ன காட்டறாங்க

காலநிலை மாறுதுன்னு ரெண்டுமே சேதி சொல்லுது, ஆனா ஒரே மொழியில இல்ல.

வைதம் குருவிங்க 1960கள்ல முட்டை போட்டதை விட இப்ப ரெண்டு வாரம் போல முன்னாடியே போடுது. காரணம் புழு. ஓக் மரம் துளிர்க்கற நேரத்துலதான் கம்பளிப்புழு குவியும், குஞ்சு பொரியறது அந்தக் குவியலோட ஒத்துப்போகணும், வசந்தம் முன்னாடி வந்தா துளிரும் முன்னாடி, புழுவும் முன்னாடி, குருவியும் ஓடி ஓடிப் பிடிக்கணும். இங்க தேதி மாறுதுன்னா நிஜமாவே ஒவ்வொரு குருவியோட வாழ்க்கையும் மாறுதுன்னு அர்த்தம்.

காளான் பக்கம், தெற்கு இங்கிலாந்துல ஒரு அப்பா வருஷக்கணக்கா எழுதி வச்ச நோட்டை மகன் ஆலன் கேங்ஜ் ஆராய்ச்சியாக்கி 2007ல சயன்ஸ் இதழ்ல போட்டாரு. 315 இனம். இலையுதிர் காலக் குடை சீசன் 1950கள்ல சராசரி 33 நாள், இந்த நூற்றாண்டு தொடக்கத்துல 75 நாள். இரட்டிப்புக்கும் மேல. ஆனா இதை "காளான் பெருகிடுச்சு"ன்னு படிக்கக் கூடாது. குடை ஜாஸ்தி நாள் வந்துச்சுங்கறது மட்டும்தான் தகவல், கீழ இருக்கற உயிர் கூடினதா குறைஞ்சதான்னு அந்த நோட்டு சொல்லாது. மாமரம் ரெண்டு மாசம் ஜாஸ்தி காய்ச்சா மரம் ரெண்டாயிடுச்சுன்னு யாராவது சொல்வாங்களா.

## பட்டியல்ல போடறப்போ

இப்ப ஆரம்பக் கேள்விக்கு வருவோம். ஐயூசிஎன்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு போடற சிவப்புப் பட்டியல்ல (அழியற ஆபத்துல இருக்கற இனம் எதுன்னு சொல்ற பட்டியல்) பறவை இனம் எல்லாமே, சுமார் 11,000, மதிப்பிட்டாச்சு. காளான் உலகத்துல பேரு வச்சதே ஒன்றரை லட்சத்துக்கு மேல, அதுல 2025 மார்ச் வரைக்கும் மதிப்பிட்டது 1,300 பக்கம்தான், அதுல 411 ஆபத்துலன்னு சொன்னாங்க. உடனே "மூணுல ஒண்ணு அழியுது"ன்னு செய்தி போட்டாச்சு. ஆபத்துல இருக்கும்னு சந்தேகப்பட்டதையே முதல்ல எடுத்துப் பாத்திருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அதனால அந்த விகிதத்தை ஒன்றரை லட்சத்துக்கும் நீட்டிப் பேசறது சரியில்ல. நம்ம ஜோடியில கிரேட் டிட்டுக்கு ஆபத்து கிடையாது, கோடிக்கணக்குல இருக்கு. ஆர்மிலேரியா காலிகாவும் அருகிப்போன காளான் இல்ல.

பட்டியலோட விதி ரெண்டுக்கும் ஒண்ணுதான்: முதிர்ந்த உயிர் எத்தனை, எத்தனை தலைமுறையில எவ்வளவு குறைஞ்சுது. குருவிக்கு இது நேரடியா எண்ணலாம், தலைமுறைன்னா சில வருஷம். காளானுக்கு என்ன பண்றது? நிபுணர்கள் ஒரு வழக்கம் வச்சுக்கிட்டாங்க. ஒரு மரத்தடியில, ஒரு கட்டையில தெரியற குடைக் கூட்டத்தை இத்தனை உயிருக்குச் சமம்னு ஒரு எண்ணால பெருக்கி எடுத்துக்கறது, கண்ணுல படாம இருக்கற இடம் எத்தனை இருக்கும்னு ஒரு மதிப்பு போட்டுக்கறது, தலைமுறை நீளத்தையும் அதே மாதிரி அனுமானிக்கறது. இது ஏமாத்து வேலை இல்ல, வேற வழி இல்லாததால வெளிப்படையாச் சொல்லிட்டுச் செய்யற வேலை. ஆனா பட்டியல்ல குருவி வரிக்குப் பக்கத்துல காளான் வரி அதே எழுத்துல அச்சாகறப்போ, ஒண்ணு எண்ணினது, இன்னொண்ணு கணிச்சதுங்கறது படிக்கறவங்களுக்குத் தெரியறதில்ல.

ஒரு காட்டைக் கற்பனை பண்ணுங்க, ஐரோப்பாவுல ஏதோ ஒரு ஓக் காடு, ரெண்டு பேரும் சேந்து இருக்கற இடமா இருக்கணும், மிச்சிகன்ல கிரேட் டிட் இயல்பாக் கிடையாது. அந்தக் காட்டுல பாதி மரத்தை வெட்டறாங்க. அடுத்த வசந்தத்துலயே குருவிக் கணக்கு விழுந்துடும், பொந்து போச்சு, ஓக் போச்சு, புழு போச்சு, பாடறதுக்கு ஆள் குறைவு. அதே காட்டுல தேன்காளானுக்கு என்ன ஆகும்? வெட்டின ஒவ்வொரு அடிக்கட்டையும் எதிர்ப்பு இல்லாத சாப்பாடு, கயிறு உள்ள நுழைஞ்சிடும். சில வருஷத்துக்குக் கட்டைக்குக் கட்டை கொத்துக் கொத்தா குடை, மேல இருக்கற குடையோட வெள்ளைத்தூள் கீழ இருக்கற குடை மேல மாவு தூவின மாதிரி விழுந்து கிடக்கும். அதே காட்டுல அதே வருஷம் ஒரு ஆளு குருவி எண்ணிட்டு நஷ்டம்னு எழுதுவாரு, இன்னொரு ஆளு குடை எண்ணிட்டு லாபம்னு எழுதுவாரு, கீழ இருக்கறதோ அப்பவும் அதே ஒண்ணு.